தரவுப் பகுப்பாய்வில் ஆய்வு செய்ய ஆசைப்படும் இளநிலை மாணவர்களுக்கு

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். திரையில், நாகப்பட்டினம் பக்கம் ஐப்பசி மாதத்து ஒரு நாளில் பெய்த சராசரி மழை என்று ஓர் எண் இருந்தது: மைனஸ் 396 மில்லிமீட்டர்.

“எரர் எதுவும் வரல சார். கோட் சரியாத்தான் ஓடுது.”

சரியாகத்தான் ஓடியிருந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை தரும் மழைத் தரவில் நாடு முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கடல்மேல் விழும் கட்டங்களுக்கு மழை அளவு கிடையாது. அங்கே -999 என்று போட்டிருப்பார்கள். ‘இங்கே எண் இல்லை’ என்பதற்கான அடையாளம் அது. அவள் எடுத்த பத்துக் கட்டங்களில் நான்கு வங்காள விரிகுடாவில் இருந்தன. மீதி ஆறில் சராசரியாக 6 மில்லிமீட்டர் பெய்திருந்தது. கூட்டி வகுத்துப் பாருங்கள், மைனஸ் 396 வரும்.

அன்றைக்கு அவளிடம் சொன்னதையும், அதற்கு முன்னும் பின்னும் மற்றவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னதையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பி.இ., பி.டெக்., பி.எஸ்சி. படித்துக்கொண்டே ஒரு பேராசிரியரின் கீழ் தரவு ஆய்வு செய்ய நினைப்பவர்களுக்கானது இது.

முதலில், இது ‘பிராஜெக்ட்’ இல்லை

இறுதியாண்டு பிராஜெக்ட் எப்படி நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு பேஸ் பேப்பரைப் பிடிப்பது, அதிலுள்ள அல்காரிதத்தில் ஒன்றை மாற்றுவது, துல்லியம் 2 சதவீதம் கூடியது என்று காட்டுவது, ஜீரோத் ரிவ்யூவிலிருந்து வைவா வரை அதே பிபிடியை மெருகேற்றுவது. சிலர் அதையும் பிராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிவிடுகிறார்கள். அவர்களோடு நமக்கு இங்கே பேச்சில்லை.

ஆய்வில் விடை யாருக்கும் முன்கூட்டியே தெரியாது, கைடுக்கும் சேர்த்துத்தான். ‘நான் முதல்வன்’ மூலமோ வேறு எங்கோ டேட்டா அனலிடிக்ஸ் கோர்ஸ் முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கலாம். நல்லது, அது உதவும். ஆனால் கோர்ஸில் வரும் தரவு பெரும்பாலும் யாரோ கழுவித் துடைத்து மேசையில் வைத்தது. ஐரிஸ் தரவில் 150 பூக்கள். டைட்டானிக் பயிற்சிக் கோப்பில் 891 பயணிகள். உலகத்தில் பாதிப் பேர் பிழிந்து எடுத்துவிட்ட கரும்பு அது. அந்த இரண்டையும் ரெஸ்யூமேயில் போட்டுக்கொண்டு ஒரு பேராசிரியரிடம் போய் நின்றால் அவர் கொட்டாவி விடுவார்.

எப்போது தொடங்குவது

நான்காம் செமஸ்டர் முடிகிற சமயம். அதற்கு முன் சிலருக்குப் புள்ளியியல் தாள் வந்திருக்காது. ஆறாம் செமஸ்டருக்குப் பிறகு பிளேஸ்மென்ட் பரபரப்பு வந்துவிடும். வாரத்துக்கு 6 முதல் 8 மணி நேரம் ஒதுக்க முடிய வேண்டும். அரியர் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். இதை அறிவுரையாகச் சொல்லவில்லை. நவம்பரில் அரியர் தேர்வு வரும்போது ஆய்வுதான் முதலில் நிற்கும், நின்றது திரும்ப ஓடுவது அபூர்வம்.

என்ன தெரிந்திருக்க வேண்டும்? நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. பைத்தானில் பாண்டாஸ் என்ற தரவு நூலகத்தை வைத்து ஒரு கோப்பைத் திறக்க, வடிகட்ட, குழுவாக்கிக் கூட்ட, இரண்டு அட்டவணைகளை ஒரு பொது நெடுவரிசையை வைத்து இணைக்க. சராசரிக்கும் இடைநிலைக்கும் (மீடியன்) எப்போது வித்தியாசம் பெரிதாகும் என்று சொல்ல. ஒரு நேர்த்தியான வரைபடம் போட. ஆர் மொழி தெரிந்தவர்கள் அதிலேயே செய்யலாம். ஐஐடிகள் இணையத்தில் தரும் என்பிடெல் பாடங்களைப் பார்க்கக் காசு கிடையாது, தேர்வு எழுதினால்தான் கட்டணம். டீப் லேர்னிங் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் முதல் கேள்விக்கு அது தேவைப்படாது.

தயாராக இருக்கிறீர்களா என்று பார்க்க ஒரு பரீட்சை சொல்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்ட அட்டவணையை எடுங்கள். இன்றைய மாவட்டப் பட்டியல் ஒன்றை எடுத்து இரண்டையும் இணையுங்கள். முதலாவதில் தமிழ்நாட்டுக்கு 32 வரிசை, இரண்டாவதில் 38. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும், விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும், திருநெல்வேலியிலிருந்து தென்காசியும், காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டும் பிரிந்தன. 2020-இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை. ஆக, ‘வேலூர்’ என்று இரண்டு கோப்பிலும் இருப்பது ஒரே வேலூர் இல்லை. பெயர் பொருந்திவிட்டதே என்று இணைத்துவிட்டால் பழைய பெரிய வேலூரின் மக்கள்தொகை இன்றைய சின்ன வேலூரின் தலையில் ஏறிவிடும்.

அப்புறம் ஆங்கில எழுத்துக்கூட்டல். தூத்துக்குடியை ஒரு கோப்பில் ஒரு ‘கே’ போட்டு எழுதியிருப்பார்கள், இன்னொன்றில் இரண்டு ‘கே’, மூன்றாவதில் டூட்டிகோரின். திருவள்ளூரில் ஒரு ‘ஹெச்’ வரும், போகும். நீலகிரிக்கு முன்னால் ‘தி’ இருக்கும் கோப்பும் உண்டு, இல்லாத கோப்பும் உண்டு. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை போட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றது ஞாபகம் இருக்கலாம். அது நிலைத்திருந்தால் தரவோடு மாரடிப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி சேர்ந்திருக்கும்.

இந்த இணைப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்து, ஒவ்வொரு முடிவையும் ஏன் எடுத்தீர்கள் என்று சொல்ல முடிந்தால் நீங்கள் தயார்.

கைடைப் பிடிப்பது

உங்கள் துறையில்தான் தேட வேண்டும் என்று கட்டாயமில்லை. கணினித் துறையில் எல்லோரும் ஏற்கெனவே பத்துப் பேரை வைத்திருப்பார்கள். சிவில் துறையில் நீர்வளம் பார்க்கும் பேராசிரியரிடமும், பொருளியல் துறையிலும், வேளாண் கல்லூரியிலும் தரவு குவிந்து கிடக்கும், அதைத் துழாவ ஆள் இருக்காது. என்னைக் கேட்டால் அங்கே போவதுதான் புத்திசாலித்தனம். கேள்வி அவர்களிடம் இருக்கிறது, கைவேலை உங்களிடம்.

பேராசிரியரைப் பார்ப்பதற்கு முன் இரண்டு வேலை. அவர் எழுதிய கட்டுரைகளில் இரண்டைப் படியுங்கள். முழுக்கப் புரிய வேண்டாம். எந்தத் தரவைப் பயன்படுத்தினார், கடைசிப் பத்தியில் எதைச் செய்ய முடியவில்லை என்று எழுதியிருக்கிறார் என்பது தெரிந்தால் போதும். இரண்டாவது, அவரிடம் பிஹெச்டி செய்யும் ஸ்காலர் அக்காவையோ அண்ணனையோ லேபில் பார்த்து ஒரு டீ சாப்பிடுங்கள். சார் மாணவர்களுக்கு நேரம் கொடுப்பாரா, மடலுக்குப் பதில் போடுவாரா, இளநிலை மாணவர்கள் பெயரைக் கட்டுரையில் சேர்த்திருக்கிறாரா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். நடைமுறையில் உங்களுக்குப் பாதி வழிகாட்டப் போவதும் அந்த ஸ்காலர்தான்.

மடல் ஆங்கிலத்தில்தான் போகும். சாரம் இப்படி இருக்கட்டும்:

“வணக்கம் மேடம். நான் ஐ.டி. மூன்றாம் ஆண்டு. வடகிழக்குப் பருவமழை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அதில் மாவட்ட அளவில் பிரித்துப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வானிலைத் துறையின் தரவை இறக்கி ஒரு மாவட்டத்துக்கு மட்டும் முயன்று பார்த்தேன்; ஒரு வரைபடம் இணைத்திருக்கிறேன். அதில் 2005-ஆம் ஆண்டு எனக்குப் புரியவில்லை. வாரம் 6 மணி நேரம் செலவிட முடியும். பதினைந்து நிமிடம் வந்து பார்க்கலாமா?”

‘எனக்கு ஏஐ-யில் மிகுந்த ஆர்வம்’ என்று தொடங்கும் மடல்கள் தினமும் பத்து வருகின்றன. வரைபடம் இணைத்த மடல் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. பத்து நாளில் பதில் வராவிட்டால் இன்னொரு முறை எழுதுங்கள். அதற்கும் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் சந்திப்பிலேயே மூன்று விஷயத்தைக் கேட்டுவிடுங்கள்: எவ்வளவு அடிக்கடி பார்க்கலாம், எத்தனை மாதம், கட்டுரையாக வந்தால் பெயர் வரிசை எப்படி. மூன்றாவதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். நான் மாணவனாக இருந்தபோது கேட்கவில்லை. ஆறு மாதம் கணக்கெடுப்புப் படிவங்களை எக்ஸெல்லில் தட்டச்சு செய்தேன், கடைசியில் நன்றியுரையில் ஒரு வரி கிடைத்தது. பணிவாகக் கேட்டால் எந்த நல்ல கைடும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வியைச் சுருக்குவது

புதிதாக வருபவர்கள் கொண்டுவரும் தலைப்பு, ‘பருவநிலை மாற்றமும் தமிழ்நாடும்’ என்ற அளவில் இருக்கும். நாகை மாணவியும் அப்படித்தான் வந்தாள். நான்கு வாரம் பேசிப் பேசிச் சுருக்கினோம். கடைசியில் நின்றது இது: 1991 முதல் 2020 வரை, அக்டோபர்–டிசம்பர் மூன்று மாதத்தில், பழைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மழை நாட்களின் எண்ணிக்கை குறைந்திருக்கிறதா?

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சண்டை நடந்தது. ஏன் 1991–2020? இப்போது ‘இயல்பு மழை’ என்று சொல்லும்போது உலக அளவில் எடுத்துக்கொள்ளும் முப்பதாண்டு அது. ஏன் அக்டோபர்–டிசம்பர்? நம் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அப்போதுதான் பெய்கிறது. ஏன் ‘பழைய’ மாவட்டம்? மயிலாடுதுறை பிரிந்தது 2020-இல். முப்பது ஆண்டுக்கும் ஒரே எல்லை வேண்டும். மழை நாள் என்றால் என்ன? தூறினாலும் மழை நாளா? வானிலைத் துறை 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால்தான் மழை நாள் என்கிறது. நாமும் அதையே வைத்துக்கொண்டோம்.

இப்படிச் சுருக்கியதும் வேலையின் அளவு கைக்குள் வந்துவிட்டது. வருடத்துக்கு 92 நாள், முப்பது வருடத்துக்கு 2,760 நாள். கேள்வி சின்னதாகப் போய்விட்டதே என்று அவளுக்கு வருத்தம். எனக்கு இல்லை.

தரவோடு முதல் மாதம்

இங்கேதான் அதிக நேரம் போகும். போகட்டும். இது ஆய்வுக்கு முந்தைய எடுபிடி வேலை என்று பலர் நினைக்கிறார்கள். என் பார்வையில் கைடு என்று ஒருவர் தேவைப்படுவதே இந்தக் கட்டத்துக்குத்தான். மாடல் ஓட்டுவதற்கு யூடியூப் போதும்.

இறக்கிய மூலக் கோப்பைத் தனியாக ஒரு கோப்புறையில் வைத்து, அதில் கை வைக்காதீர்கள். எந்த நாளில், எந்தப் பக்கத்திலிருந்து இறக்கினீர்கள் என்று உடனே எழுதுங்கள். மாற்றங்கள் எல்லாம் புரோகிராம் வழியாகவே நடக்கட்டும். எக்ஸெல்லில் திறந்து கையால் திருத்தினால் அடுத்த மாதம் என்ன திருத்தினோம் என்று உங்களுக்கே தெரியாது. தவிர, எக்ஸெல் ஒரு தாளில் 10,48,576 வரிசைக்கு மேல் தாங்காது. வானிலைத் துறையின் மழைத் தரவு 0.25 பாகைக் கட்டங்களில் வருவது, ஒரு கட்டம் நம் பக்கம் ஏறக்குறைய 27 கிலோமீட்டர். நாடு முழுக்க 135-க்கு 129 கட்டம். ஒரு வருடத்துக்கு 63 லட்சத்துக்கு மேல் எண்கள். இங்கிலாந்தில் 2020-இல் பழைய வகை எக்ஸெல் கோப்பின் 65,536 வரிசை வரம்பு தெரியாமல் போனதால் 15,841 கொரோனா தொற்றுகள் ஒரு வாரம் கணக்கில் ஏறாமல் கிடந்தன. அங்கேயும் எரர் வரவில்லை.

உலாவியிலேயே பைத்தான் ஓட்டும் கூகுள் கோலாபில் வேலை செய்பவர்கள் கோப்புகளை டிரைவில் சேமியுங்கள். இணைப்பு அறுந்தால் கோலாபில் வைத்தது போய்விடும். ரிவ்யூவுக்கு முதல் நாள் இரவு இதைக் கண்டுபிடிக்காதவர் யாரும் இல்லை.

அப்புறம், தரவை நம்புவதற்கு முன் உங்களுக்குத் தெரிந்த ஒரு நாளைத் தேடிப் பாருங்கள். சென்னை வெள்ளம் எல்லோருக்கும் நினைவிருக்கும்: 2015 டிசம்பர் 1, பகலும் இரவும் கொட்டித் தீர்த்தது. தரவில் டிசம்பர் 1-ஐப் பார்த்தால் அவ்வளவு பெரிதாக இருக்காது. டிசம்பர் 2-இல்தான் அந்தப் பேய்மழை நிற்கும். தரவு தப்பா? இல்லை. நம் நாட்டில் மழையை அளப்பது காலை 8.30 மணிக்கு, அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் பெய்தது எல்லாம் அன்றைய தேதியில் ஏறும். தாம்பரத்தின் 49 சென்டிமீட்டர் அப்படித்தான் 2-ஆம் தேதிக் கணக்கில் வந்தது. மழையை நாளிதழ்ச் செய்தியோடோ அணையின் நீர்மட்டத்தோடோ ஒப்பிடப் போகிறவர் இதைக் கவனிக்காவிட்டால் எல்லாமே ஒரு நாள் தள்ளிப் போகும்.

இன்னும் ஒன்று, கொஞ்சம் நுட்பமானது. கட்டத்தில் இருக்கும் எண் அங்கே அளந்தது அல்ல. நாடெங்கும் உள்ள 6,955 மழைமானி நிலையங்களின் பதிவுகளிலிருந்து இடைக்கணித்தது, அதாவது சுற்றியுள்ள நிலையங்களின் எண்களை வைத்துக் கணக்கிட்டது. எல்லா நிலையமும் எல்லா நாளும் பதிவு தந்ததில்லை. பக்கத்து ஊரில் பெய்தது இடைக்கணிப்பில் இந்தக் கட்டத்துக்கும் கொஞ்சம் பரவும். அதனால் கன மழை சற்றுக் குறைந்தும் மழை நாள் சற்றுக் கூடியும் தெரிய வாய்ப்புண்டு. நாகை மாணவி எண்ணப் போவதே மழை நாட்களைத்தான்! அவளுடைய கைடு வேறொரு பேராசிரியர்; அவர் இந்த ஒரு கேள்வியைக் கேட்டு இரண்டு வாரம் அவளைத் திருப்பி அனுப்பினார். அந்த இரண்டு வாரத்தில் அவள் கற்றது எந்த சிலபஸிலும் இல்லை.

ஏஐ-யிடம் புரோகிராம் எழுதி வாங்குவதைப் பற்றிக் கேட்பீர்கள். வாங்குங்கள், நானும் வாங்குகிறேன். மைனஸ் 396-ஐக் கொடுத்த புரோகிராமும் அப்படி வாங்கியதுதான். ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று கைடின் முன் சொல்ல முடியாவிட்டால் அந்த வரியை வைக்காதீர்கள்.

வாராந்தரச் சந்திப்பு

வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு பக்கத்துக்கு மேல் எடுத்தும் போகாதீர்கள். நான் மாணவர்களிடம் கேட்பது இவ்வளவுதான்:

“இந்த வாரம்: கடல் கட்டங்களை நீக்கினேன், 10-இல் 6 மிஞ்சியது. வரைபடம் கீழே. புரியாதது: 2.5 மி.மீ. வரம்பைக் கட்டத்துக்குக் கட்டம் பார்ப்பதா, மாவட்டச் சராசரிக்குப் பார்ப்பதா? இரண்டிலும் எண்ணிக்கை வேறாக வருகிறது. அடுத்த வாரம்: இரண்டையும் செய்து பக்கத்தில் வைக்கிறேன்.”

ஒன்றுமே நடக்காத வாரம் வரும். இன்டர்னல் வரும், காய்ச்சல் வரும், கல்லூரி கல்ச்சுரல்ஸ் வரும். அப்போதும் ‘இந்த வாரம் முடியவில்லை’ என்று ஒரு வரி அனுப்புங்கள். மாணவர்கள் காணாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான்: ஒரு வாரம் வேலை ஆகவில்லை, கூச்சத்தில் போகவில்லை, அடுத்த வாரம் கூச்சம் இரட்டிப்பாகிறது, மூன்றாவது வாரம் வராண்டாவில் சாரைப் பார்த்ததும் வேறு படிக்கட்டில் இறங்குகிறார்கள்.

காணாமல் போவது கைடாகவும் இருக்கலாம். மூன்று வாரம் பார்க்கவே முடியவில்லை என்றால் ஸ்காலரிடம் சொல்லுங்கள், வாராந்தரப் பக்கத்தை மடலில் அனுப்பிக்கொண்டே இருங்கள். கேட்கும்போது கையில் இருக்கும்.

மனிதர்களைப் பற்றிய தரவு என்றால்

மழைக்கு அந்தரங்கம் கிடையாது, சக மாணவர்களுக்கு உண்டு. கல்லூரி மதிப்பெண், விடுதி உணவுக் கணக்கெடுப்பு என்று தொடங்குபவர்கள் முதலில் கைடிடம் நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவையா என்று கேளுங்கள். பெயரையும் பதிவெண்ணையும் நீக்கினால் போதும் என்று நினைக்க வேண்டாம். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டில் மாணவிகள் மூன்றே பேர் என்றால், துறை, ஆண்டு, பாலினம் மூன்றும் சேர்ந்தாலே யாரென்று தெரிந்துவிடும். 2023-இல் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது.

இந்த வகைத் தரவில் இன்னொரு பள்ளம் உண்டு. அரியர் வைக்கப் போவது யார் என்று கணிக்கும் மாடல், 95 சதவீதத் துல்லியம் என்று காட்டுவார்கள். வகுப்பில் நூற்றுக்கு ஐந்து பேர்தான் அரியர் என்றால், ‘எல்லோரும் பாஸ்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் அதே 95 கிடைக்கும். அந்த ஐந்து பேரில் எத்தனை பேரைப் பிடித்தது என்று கேளுங்கள்.

முடிவு வந்த பிறகு

குறைந்தது என்றும் சொல்ல முடியவில்லை, கூடியது என்றும் சொல்ல முடியவில்லை என்று வரலாம். அதுவும் விடைதான், அப்படியே எழுதுங்கள். வரம்பை 2.5-இலிருந்து 3, 4 என்று மாற்றி மாற்றி ஏதாவது ஒன்றில் ‘குறைந்தது’ வரும்வரை ஓட்டாதீர்கள். அப்படி ஓட்டியிருந்தால், ஓட்டிய அத்தனையையும் அறிக்கையில் சொல்லுங்கள்.

எங்கே வெளியிடுவது? முதலில் துறைக் கருத்தரங்கில் ஒரு போஸ்டர். பிறகு கைடு சொல்லும் மாநாடு. ‘பணம் கட்டினால் ஒரு வாரத்தில் அச்சில்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் இதழ்களை அழித்துவிடுங்கள். ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் என்று வைத்திருந்த கேர் பட்டியலையும் யுஜிசி 2025-இல் கைவிட்டுவிட்டது, எனவே ‘பட்டியலில் இருக்கிறது’ என்ற சால்ஜாப்பும் இனி இல்லை. நம் கைடு மதிக்கிறவர்கள் அந்த இதழில் எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பது எளிய வழி.

கையில் இப்படி ஒரு வேலை இருந்தால் வெளிக்கதவுகள் திறக்கும். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் உள்ள மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. இரண்டு மாதம் வேறொரு நிறுவனத்தின் விஞ்ஞானியோடு வேலை செய்யலாம். ஐஐடி மெட்ராஸும் கோடையில் தனியாக ஒன்று நடத்துகிறது. இறுதியாண்டுக்காரர்களுக்குத் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்ட நிதியும் உண்டு. கோடைக்கு விண்ணப்பிப்பது கோடையில் அல்ல; அறிவியல் கழகங்களின் அறிவிப்பு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே வந்துவிடும்.

கடைசி வேலை, ஒப்படைப்பது. ஒரு ஜூனியரைக் கூப்பிட்டு, கோப்புறையை மட்டும் அவர் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். எங்கெல்லாம் அவர் திரும்பி உங்களைப் பார்க்கிறாரோ அங்கெல்லாம் விளக்கக் கோப்பில் ஒரு வரி குறைகிறது. நாகை மாணவியின் ஜூனியர் முதல் நிமிடத்திலேயே திரும்பினான். புரோகிராமின் மூன்றாவது வரியில் அவளுடைய ‘டி’ டிரைவின் முகவரி இருந்தது. அவன் லேப்டாப்பில் ‘டி’ டிரைவே கிடையாது.